ஜைரோவும் மையவிலக்கும்: பம்பரத்தை ஏன் மறந்தோம்?

ரங்கூனில் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக அறிவியல் பாடம் எழுதித் தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஓடும் சைக்கிள் ஏன் விழுவதில்லை என்ற கேள்வி வந்தால் போதும், "மையவிலக்கு விசை" என்று எழுதிவிடுகிறார்கள். புதிதாக வந்த தாளிலும் அதேதான்.

சுழலும் சைக்கிள் சக்கரமும் ஒரு ஜைரோஸ்கோப் மாதிரிதான், அதாவது அச்சில் வேகமாகச் சுழலும் சக்கரம் உள்ள கருவி மாதிரி. ஜைரோஸ்கோப் என்ற பெயர் 1852இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ வைத்தது. கிரேக்கத்தில் ஜைரோஸ் என்றால் வட்டம், ஸ்கோப்பின் என்றால் பார்ப்பது. பூமி சுழல்வதைக் காட்டத்தான் அந்தக் கருவி, ஆகவே ‘சுழல்காட்டி’ சரியான பெயரே.

சண்டை அந்தக் கருவியின் குணத்துக்கு, அதாவது சுழலும்போது சட்டென்று சாய்ந்து விழாத குணத்துக்கு, வைக்கும் பெயரில். மையவிலக்கு என்பது சுழலும் பொருளோடு சேர்ந்து சுழல்பவருக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுவதுபோலத் தெரிவது. சக்கரத்தில் அது எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், சக்கரத்தை நிமிர்த்தி வைக்காது. இங்கே நடப்பது வேறு. ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் ஒரு முனையை மட்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அச்சைக் கிடையாகப் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். விழ வேண்டிய சக்கரம் விழாமல் கயிற்றை மெல்ல வலம் வரும். எடை கீழே இழுக்க, அந்த இழுப்பு கோண உந்தத்தின் (சுழற்சியின் அளவும் அச்சின் திசையும் சேர்ந்தது) திசையைப் பக்கவாட்டில் திருப்புகிறது, அவ்வளவுதான். சுழற்சி தளரத் தளர வலம் வருவது வேகமாகும்.

சிலர் ‘சுழல்விசை’ என்கிறார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் அப்படித் தனியாக ஒரு விசையே இல்லை, அப்புறம் திருப்புவிசையோடு (ஒன்றைத் திருகித் திருப்பும் ‘டார்க்’) வேறு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

‘பம்பர விளைவு’ என்றால் என்ன குறைந்துவிடும்? பம்பரம் விளையாட்டுச் சாமானாம், அறிவியலுக்குக் கௌரவக் குறைவாம்! ஜெர்மன்காரர்கள் பம்பரத்தையும் ஜைரோஸ்கோப்பையும் கிரைசல் என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள், கப்பலில் வைக்கும் ஜைரோ திசைகாட்டியும் அவர்களுக்குக் கிரைசல்கொம்பாஸ்தான். இங்கே நம் பிள்ளைகளுக்குப் பம்பரம் என்றால் ‘ஜின்’ என்ற பர்மியச் சொல்தான் முதலில் வாயில் வருகிறது. பாடத்திலாவது பம்பரம் இருக்கட்டுமே. இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாயில் நுழையாத சொல்தான் கலைச்சொல்.

பெயரை மாற்றினாலும் அந்தப் பாடத்தில் பாதிதான் சரியாகும். சைக்கிள் சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்பப் பம்பர விளைவு உதவுகிறது, உண்மை. ஆனால் 2011இல் ஆய்வாளர்கள், எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களால் அந்த விளைவை ஈடுகட்டிய சைக்கிள் ஒன்றைச் செய்து உருட்டிவிட்டார்கள். ஆளில்லாமலேயே அது நிமிர்ந்து ஓடியது.