வரிசையாக 'எஸ்' வந்த ரிப்போர்ட்டும் ஆபத்தான கிருமியும்

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை லேபில் வளர்த்துச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் போவது 'எஸ்' (மருந்துக்குக் கட்டுப்படும்), 'ஆர்' (கட்டுப்படாது) எழுத்துகளுக்குத்தான். எல்லாமே 'எஸ்' என்றால் ஒரு நிம்மதி. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதற்கு மேல் அந்த எழுத்துகள் எதுவும் சொல்வதில்லை. உடம்புக்குள் அது எவ்வளவு நாசம் செய்யும் என்பது தனிக் கணக்கு.

க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் அதிவீரிய வகையைப் பாருங்கள். தைவானில் 1986இல் முதலில் விவரிக்கப்பட்டது. பலநேரம் ஆம்பிசிலின் தவிர மற்ற மருந்துகளுக்கெல்லாம் பணிந்துவிடும். ஆனாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவருக்கே கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கி, ரத்தம் வழியே கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு அபாயம் இன்னும் கூடுதல். கே1, கே2 வகைத் தடித்த உறை, வெள்ளணுக்கள் அதை விழுங்கவிடாமல் காக்கிறது. ஏரோபாக்டின் என்ற பொருள் நம் உடம்பின் இரும்பைக் கவர்ந்து அதற்குத் தீனியாக்குகிறது. ஏரோபாக்டினுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் (கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) இருப்பதால், மருந்து எதிர்ப்புள்ள கிருமிக்கும் தாவிவிடுகின்றன. வீரியமும் மருந்து எதிர்ப்பும் சேர்ந்த வகைகள் இப்போது உண்டு.

லேபில் சுலபமான துப்பு ஒன்று இருக்கிறது. அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) இரவு முழுக்க வளர்ந்த கிருமிக் கூட்டத்தை, அதாவது காலனியை, லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டு மெல்லத் தூக்க வேண்டும். கூடவே வரும் பிசுபிசுப்பான இழை 5 மி.மீ.க்கு மேல் நீண்டால் பாசிட்டிவ். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது: சாதாரண வகையிலும் சிலசமயம் இழை நீளும், அதிவீரிய வகையிலும் நீளாமல் போகும். இருந்தாலும் நீண்டால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் செய்வதே சரி. கல்லீரல் சீழ்க்கட்டியோடு கண் வலியோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மறுநாள் என்றால் பார்வை போயிருக்கலாம்.

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் கதை வேறு. பெனிசிலினுக்கு இன்றும் கட்டுப்படும். ஆனால் பெனிசிலின் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். திசுவில் கூட்டமாக அடைந்து, பெருகுவது நின்றுபோன கிருமியிடம் அதன் வேகம் குறைகிறது. நச்சு சுரப்பதையும் அது நிறுத்தாது. அதனால்தான் கூடவே கிளின்டமைசின் என்ற மருந்து: கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்து நச்சுப் புரதம் உருவாவதையே தடுக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக 600 முதல் 900 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிரை வழியே. அதற்கு எதிர்ப்புள்ள கிருமிகள் இருப்பதால் தனியாகக் கொடுப்பதில்லை.

தோல் லேசாகச் சிவந்திருக்க, நோயாளி வலியில் துடித்தால், இந்தக் கிருமி உண்டாக்கும் தசையுறை அழுகலைச் சந்தேகியுங்கள். ஸ்கேனுக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அழுகிய திசுவை முதல்முறை வெட்டி எடுத்ததோடு வேலை முடிவதுமில்லை. 24 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதை உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.