பாலிஷ் என்றால் ஊட்டுவதா, உரிப்பதா?

மேலூரில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை போன வருஷம் பழைய கறுப்புக் கார் ஒன்று வாங்கினார். கையோடு இரண்டு பாட்டில்களும் வாங்கினார், ஒன்று பாலிஷ், இன்னொன்று வாக்ஸ். இரண்டின் முதுகிலும் பொடி எழுத்தில் தமிழ் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இரண்டிலும் ஒரே சொல்தான்: மெருகூட்டி. ஊட்டுவது என்றால் நல்லதுதானே, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி காருக்கும் ஊட்டலாம் என்று நினைத்த மனுஷன், ஞாயிறு தவறாமல் ட்ரில் மெஷினில் ஸ்பாஞ்சு வட்டை மாட்டி பாலிஷைத் தேய்த்திருக்கிறார். ஏழெட்டு மாசத்தில் பானெட் விளிம்பில் பளபளப்பு போய், சாம்பல் பூத்தது போல ஒரு திட்டு. "மச்சான், இவ்வளவு ஊட்டியும் இப்படி ஆயிருச்சே" என்றார். ஊட்டினதால்தான் ஆச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லை நானும் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன், டப்பாவில், விளம்பரத் தட்டியில், மொழிபெயர்ப்புக் கையேட்டில். இனிமேலும் சும்மா இருக்க முடியாது.

சொல்லின் பிறப்பை இரண்டு வரியில் முடித்துக்கொள்வோம். பாலிஷ் லத்தீனில் 'பொலீரே'யாக இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வழவழப்பாக்குதல் என்று பொருள். வாக்ஸ் ஆங்கிலத்திலேயே பழைய சொல், முதலில் தேன்மெழுகைத்தான் குறித்தது. அவ்வளவுதான். இரண்டும் வேறு ஊர், வேறு வேலை.

என்ன வேலை என்று பார்த்தால்தான் சொல்லின் கோளாறு தெரியும். இன்றைய கார்களில் நாம் தொட்டுப் பார்ப்பது கறுப்பு நிறத்தையே அல்ல. தகடு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு படலம், அதைத்தான் பட்டறைக்காரர்கள் கிளியர் கோட் என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி அதைவிடத் தடிமன். கீறல் விழுவது அந்தப் படலத்தில். பாலிஷ் என்ற குழம்பில் இருப்பது அநேகமாக அலுமினியம் ஆக்சைடு என்ற நுண்ணிய பொடி. அது கீறலை நிரப்புவதில்லை, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. மேடு போனால் பள்ளம் ஏது? ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு மைக்ரான் போகும். போனது திரும்பாது. விளிம்புகளில் படலம் மெலிசாக இருக்கும், மாப்பிள்ளையின் பானெட் அங்கேதான் முதலில் வெளுத்தது.

(இங்கே ஒரு வேடிக்கை. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் கல்லாகக் கிடைக்கும்போது அதற்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அது நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. குருந்தக்கல் பொடியை அரக்கோடு சேர்த்துத்தான் நம்மவர்கள் சாணைக்கல் செய்தார்கள். பொருளுக்கு உலகமே நம்மிடம் சொல் வாங்கியிருக்கிறது, அந்தப் பொருள் செய்யும் வேலைக்கு நாம் சொல் தெரியாமல் முழிக்கிறோம்.)

இப்போது மெருகூட்டிக்கு வருவோம். மெருகு அருமையான சொல், அதன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மதுரை தெற்காவணி மூல வீதியில் எந்த நகைக்கடையிலும் மெருகு என்றால் புரியும். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்ப் பாருங்கள், 1636-இல் எழுந்த கட்டடம், சுண்ணாம்புச் சாந்து பூசித் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழவழப்பு, கிறுக்கல்காரர்கள் கைபடாத இடங்களில் இன்றைக்கும் தெரியும். அது மெருகு. ஆனால் மெருகு என்பது விளைவின் பெயர், வேலையின் பெயர் இல்லை. தேய்த்தாலும் மெருகு வரும், பூசினாலும் வரும், சில பேருக்கு வயசானாலும் வரும். அதோடு 'ஊட்டு' சேர்ந்தபோதுதான் கெட்டது. ஊட்டுதல் என்றால் உள்ளே கொடுப்பது, சேர்ப்பது. ஊட்டச்சத்து, உயிரூட்டு, வண்ணமூட்டு, எல்லாமே கூட்டுகிற வேலை. பாலிஷோ குறைக்கிற வேலை. குறைப்பதற்குப் போய்க் கூட்டுகிற பெயரை வைத்தால் வாங்குகிறவன் வாரம் ஒருமுறை கூட்டத்தான் செய்வான்.

சிலர் இதற்குப் பதிலாகப் பளபளப்பாக்கி என்கிறார்கள். அது இதைவிட மோசம். தேங்காய் எண்ணெய் தடவினாலும் கார் பளபளக்கும், தூசி வந்து அப்பும் வரைக்கும். சிலிக்கோன் ஸ்பிரே அடித்தாலும் பளபளக்கும். பாலிஷ், எண்ணெய், ஸ்பிரே மூன்றையும் ஒரே பெயரில் விற்கலாம் என்றால் கடைக்காரருக்கு வசதி, காருக்கு இல்லை. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் "வாக்ஸ் பாலிஷ்" என்று ஒன்று போட்டு ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார்களே, அதில் பாதி கீறலுக்குள் எண்ணெயும் மெழுகும் போய் அடைத்துக்கொள்கிற வித்தை. இரண்டு கழுவலில் பழைய கீறல் எட்டிப் பார்க்கும். தமிழில் இதற்கு ஏற்கெனவே கச்சிதமான பெயர் இருக்கிறது: பூசி மெழுகுதல்.

சரி, பாலிஷுக்கு என்ன சொல்வது? நம் சமையலறையிலேயே இருக்கிறது. பாலிஷ் போட்ட அரிசியை நாம் என்ன சொல்கிறோம்? தீட்டிய அரிசி. தவிட்டை எடுத்தால் தீட்டியது, எடுக்காவிட்டால் தீட்டாதது, இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கத்தியைத் தீட்டுகிறோம், வைரத்தைப் பட்டை தீட்டுகிறோம். மூன்றிலும் மேலே இருப்பதைத் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே இருப்பது வெளிவரும். காரில் நடப்பதும் அதேதான். பாலிஷ் செய்வது தீட்டுதல், அந்தக் குழம்பு தீட்டுக்களிம்பு. தீட்டுக்குழம்பு என்றுதான் முதலில் எழுதினேன், படிக்கும்போதே மிளகு வாசம் அடித்தது, மாற்றிவிட்டேன்.

மறுப்பு வரும் என்று தெரியும். மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், அங்கெல்லாம் பூசுவதுதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. தீட்டுக்குப் பூசுதல் என்ற பொருளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அரிசி, கத்தி, வைரம் என்று தேய்க்கத் தகுந்த கெட்டிப் பொருளோடு வரும்போது யாரும் பூசுவதாக நினைப்பதில்லை. அரிசியைத் தீட்டினேன் என்றால் அதற்குச் சாயம் அடித்தேன் என்றா நினைப்பீர்கள்? இன்னொருவர், பாலிஷ் என்றே தமிழில் எழுதிவிட்டுப் போனால் என்ன என்றார். அதுவும் எனக்குச் சம்மதமே. தவறான தமிழைவிடத் தெரிந்த இரவல் சொல் எவ்வளவோ மேல். என் சண்டை ஆங்கிலத்தோடு இல்லை, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே சொல்லை ஒட்டிவிட்டு அதைத் தூய தமிழ் என்று நீட்டுகிறவர்களோடு.

வாக்ஸுக்குச் சொல் தேடவே வேண்டாம், மெழுகு. பெயர்ச்சொல்லாகவும் பொருந்துகிறது, வினையாகவும் பொருந்துகிறது. ஊரில் சாணி கரைத்துத் தரை மெழுகுவார்கள், அது சில நாளில் தேயும், திரும்ப மெழுகுவார்கள். தரையையே செதுக்கி எடுப்பதில்லை. கார் மெழுகும் அப்படித்தான், தன்னைத் தேயக் கொடுத்து அடியில் இருப்பதைக் காக்கும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து வரும் கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும் என்பதால் நம் அக்னி நட்சத்திரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனாலும் வெயிலில் நின்ற கறுப்புக் கார் கொதிக்கிற தோசைக்கல், அதன்மேல் போய் மெழுகு தடவக் கூடாது. நிழலில், தகடு ஆறின பிறகு தடவ வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை போதும்.

இதோடு விடலாம் என்றால் சுழல் குறிகள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஸ்விர்ல் மார்க்ஸ் என்பதற்கு. ஆங்கிலமே அதில் தப்பு. கறுப்புக் காரில் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கீறல்கள் வட்டமானவையே அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். கம்பி நார் போட்டு விளக்கிய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்தாலும் இதே கூத்துதான். வெள்ளைக் காரிலும் இவ்வளவு கீறலும் இருக்கும், கறுப்பு பின்னால் நிற்பதால் இங்கே மாட்டிக்கொள்கிறது. சிலந்திவலைக் கீறல் என்றால் பார்த்தவனுக்கும் புரியும், பொய்யும் இல்லை. மொழிபெயர்க்கிறவர் ஒருமுறை வெயிலில் போய்க் காரைப் பார்த்திருந்தால் போதும். அவர் பார்த்தது அகராதியை மட்டும்.

இந்த வலை எங்கிருந்து வருகிறது என்றால் முக்கால்வாசி நம் கையிலிருந்துதான். ரிங் ரோட்டுப் புழுதியோடு வந்த காரைப் பனியன் வேஸ்டால் வறட்டியாகத் துடைத்தால் அந்தத் துணியே உப்புத்தாள். முதலில் தண்ணீர் அடித்து மண் இறங்கணும், அப்புறம்தான் துணி. போர்த் தண்ணீர் என்றால் காய விடாமல் ஒற்றி எடுக்கணும், இல்லாவிட்டால் உப்புக் கறை வெள்ளை வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதைத் தேய்க்கப் போய்த்தான் மறுபடியும் தீட்டவேண்டி வருகிறது.

மாப்பிள்ளையின் இரண்டு பாட்டிலிலும் நானே காகிதம் ஒட்டினேன். ஒன்றில் 'மெழுகு, 3 மாசத்துக்கு ஒருமுறை.' இன்னொன்றில் பெரிய எழுத்தில் 'தீட்டு, வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது.' மறுநாள் காலையில் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை அதுவுமா, சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில தீட்டுன்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கீங்களே" என்றாள். அவளுக்குச் சொல்லப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. காகிதத்தில் பின்னால் ஒரு 'தல்' சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.