கூழாங்கல்லைப் புரட்டினால் ஈரம்

2018-இல் கேப்டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது. அத்தை வீட்டுப் புல்தரை முழுவதும் கருகிப்போனதைப் பார்த்துவிட்டு வந்துதான், டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு முன்புறப் புல்லை எடுத்துவிட்டுக் கல்லும் மணலும் பரப்பினோம்.

மழை நின்று ஒரு வாரம் கழித்து அங்கே ஒரு கூழாங்கல்லைப் புரட்டினேன். மேல்பக்கம் சுட்டது. அடியில் மண் கறுத்து, சில்லென்று விரலில் ஒட்டியது. ஓரடி தள்ளி, கல் இல்லாத இடத்தில் செம்மண் வெளுத்துப் பொடியாகக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில்.

காமாட்சி விளக்கின் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகள் எண்ணெயை மேலே இழுக்கின்றன. மண்துகள்களுக்கு இடையிலும் அப்படிப்பட்ட சந்துகள்தான். அடியிலுள்ள நீர் அவற்றின் வழியாக ஏறி வந்து வெயிலில் ஆவியாகிறது. மேலே சரளையைப் பரப்பினால் திரி அறுந்துவிடும். கற்களுக்கு இடையே உள்ள சந்து பெரியது; நீரால் அதில் ஏற முடியாது. ஆவியாகி, அசையாத காற்றினூடே மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். இரண்டு அங்குலக் கனம் போதும்.

இதே விதி தலைகீழாகவும் வேலை செய்யும். தண்ணீர் வடியட்டும் என்று தொட்டியின் அடியில் சரளை போடுகிறோம் அல்லவா? அது தவறு. மேலே உள்ள நுண்ணிய மண் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முழுக்க ஊறி நிரம்பும்வரை கீழே விடாது. வேர் அந்தச் சேற்றில் அழுகும். அதனால் பருமணலை மண்ணோடு கலந்து, மேடாகக் குவித்து நடுங்கள். டர்பனின் கோடை மழைக்கு மேடு கட்டாயம். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், உப்பு.

இனி செடி. ஸ்பெக்பூம் என்பது தென்னாப்பிரிக்காவின் சதைப்பற்றுள்ள புதர்ச்செடி. அதன் இலையைக் காய்ந்த நாட்களில் விடியற்காலையில் கிள்ளி மென்று பாருங்கள், நன்றாகப் புளிக்கும். சாயங்காலம் அவ்வளவு புளிப்பு இருக்காது. நீர் குறையும்போது அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் அதை எடுத்துத்தான் உணவு சமைக்கிறது. நம் நாக்கு உணர்வது அந்தச் சேமிப்பைத்தான். எனக்கு இதைவிட அழகான பாடம் தெரியாது.

லித்தோப்ஸ் வேறு ரகம். 1811-இல் ஆங்கிலேயத் தாவர ஆராய்ச்சியாளர் வில்லியம் பர்ச்செல், இன்றைய வட கேப் மாகாணத்துப் பிரிஸ்கா ஊர்ப் பக்கம் விசித்திரமான கூழாங்கல் என்று எண்ணிக் கையில் எடுத்தது இந்தச் செடியைத்தான். உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள். வெளியே தெரிகிற இலைநுனி ஜன்னல் போல ஒளியை உள்ளே விடும். முதலில் வாங்கியதை நான் குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றியே அழுகவிட்டேன். அந்த மாதங்களில் புது இலைஜோடி பழைய ஜோடியின் நீரைக் குடித்துத்தான் வளர்கிறது, நாம் ஊற்றவே கூடாது. இப்போது இருப்பது வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில், மழை படாத தொட்டியில். நம் ஊர்ச் சூரியன் வடக்கே சாய்ந்தல்லவா போகிறது! பழைய இலைகள் காகிதம்போலச் சுருங்கிய பிறகுதான் செம்பை எடுக்கிறேன்.