சோற்றில் கலக்கும் மாத்திரை

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று சொல்லும் விளம்பரங்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கெஞ்சியும் அழுதும் ஓய்ந்துபோன மனைவிக்கோ தாய்க்கோ அது கடைசி வழியாகத் தோன்றுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குடியை நிறுத்தத் தரும் மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால், அதை ஒளித்துக் கொடுப்பது ஏன் கூடாது என்பதும் விளங்கும்.

பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. குடியை நிறுத்த மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் பழையது டைசல்ஃபிராம். குடித்த மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. பிறகு வேறொரு நொதி அந்த நச்சைத் தீங்கற்ற அசிட்டேட்டாக்குகிறது. டைசல்ஃபிராம் முடக்குவது இந்த இரண்டாவது நொதியை. மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர் ஏறுவதுபோல, குடித்த சிறிது நேரத்தில் ரத்தத்தில் நச்சு ஏறுகிறது. முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம்.

முடங்கிய நொதி மீண்டும் உயிர் பெறாது. உடல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஆகவே மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை ஆபத்து நீடிக்கலாம். மது கலந்த இருமல் மருந்தோ, இயல்பாகவே ஆல்கஹால் உள்ள அரிஷ்டமோகூட அதைத் தூண்டிவிடும். தெரியாமல் மாத்திரை தின்றவர் எதைத் தவிர்ப்பார்? மயங்கி விழுந்தால் மருத்துவரிடம் என்னவென்று சொல்வார்?

இன்னொரு செய்தி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இந்த மருந்து குடிக்க வேண்டும் என்ற ஏக்கத்தைத் தணிப்பதில்லை. ‘இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் தாங்காது’ என்ற நினைப்புதான் கையைத் தடுக்கிறது. மருந்தா வெற்று மாத்திரையா என்று நோயாளிக்குச் சொல்லாமல் நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தே போட்டுக்கொண்ட சோதனைகளில்தான், அதிலும் ஒருவர் முன்னிலையில் விழுங்கியபோது, பலன் தெரிந்தது. ஆக, ஒளித்துக் கொடுத்தால் மருந்தின் உயிரான பகுதி போய்விடுகிறது; மிஞ்சுவது ஆபத்து மட்டுமே.

அந்த ‘ஒருவர்’ பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்தான். கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து மருத்துவர் எழுதித் தந்தபின், இருவரும் பேசி ஒப்புக்கொண்டு, காலையில் மனைவி முன்னால் கணவர் மாத்திரையை விழுங்குகிறார். அவர் ‘சரி, இன்றைக்கும் போட்டுவிட்டேன்’ என்கிறார். அவள் பழைய கதையை எடுக்காமல் நன்றி சொல்கிறாள். இது வேவு பார்ப்பதிலிருந்து முற்றிலும் வேறானது.

அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த மூளை, மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும்: கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம். மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய நிலை இது.

அவர் சிகிச்சைக்கு வரவே மறுத்தால்? அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய முறையில் பயிற்சி குடும்பத்தாருக்குத்தான். குடிக்காத மாலையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, குடித்துவிட்டு வந்த இரவில் வாதாடாமல் விலகிவிடுவது, போதை தெளிந்த காலையில் சிகிச்சை பற்றிப் பேசுவது, அடி விழும் வீடென்றால் முதலில் தன் பாதுகாப்பைத் தேடிக்கொள்வது. 1999-இல் வெளியான ஆய்வில், இப்படிப் பழகிய குடும்பங்களில் 64 விழுக்காட்டினரின் உறவினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே கூடிக் குடிப்பவரை நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் வந்தவர்கள் 30 விழுக்காடுதான்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனையிலும் குடும்பத்தாருக்குத் தனிப் பயிற்சி உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை; மனைவியோ மகளோ அழைக்கலாம்.