கால் மில்லிமீட்டர் நிழல்

கடையில் விற்கும் மாடல் கிட் வாங்காமல், வெறும் பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்தே விண்கல மாடல் செய்பவர்கள் உடம்பை எப்படியும் நன்றாகக் கட்டிவிடுகிறார்கள். மூக்கு, இறக்கை, பின்னால் இன்ஜின் எல்லாம் அளவாக உட்கார்ந்திருக்கும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் அறுநூறு மீட்டர் நீளக் கப்பல் என்ற எண்ணமே வராது. அந்த எண்ணத்தைக் கொண்டுவருவது மேல்தோலில் இருக்கும் சின்னக் கோடுகளும் மேடுகளும்தான். அவை கண்ணை எப்படி நம்ப வைக்கின்றன என்று புரிந்துவிட்டால், எங்கே செதுக்க வேண்டும், எங்கே கை வைக்கவே கூடாது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1/1000 அளவு என்றால் மாடலில் ஒரு மில்லிமீட்டர், கப்பலில் ஒரு மீட்டர். அந்தக் கப்பலில் நிற்கும் ஆள் மாடலில் 1.7 மி.மீ. உயரம்தான் இருப்பார், அவர் நுழையும் கதவு 2 மி.மீ. இப்போது கட்டர் பிளேடால் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு கீறினால், கப்பலின் தோலில் அரை மீட்டர் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியதாக அர்த்தம். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆள் கால் இறங்குகிற சந்து எந்தக் கப்பலிலும் இருக்காது இல்லையா, அங்கேதான் 'இது பொம்மை' என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. கோடு 0.1 அல்லது 0.2 மி.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

அவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரியுமா? நல்ல பார்வை உள்ளவரால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.09 மி.மீ. ஆகவே நம் கோடு தாராளமாகத் தெரியும். இதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு: ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டிய இரண்டு கோடுகள் சற்று விலகியிருந்தால், 0.01 மி.மீ. அளவு விலகலைக்கூட அதே கண் அதே தூரத்தில் பிடித்துவிடும். வெர்னியர் அளவுகோலை நம்மால் படிக்க முடிவதே இந்தத் திறமையால்தான். அதனால் கோடு கொஞ்சம் தடிமனாகப் போனால்கூட மன்னிக்கலாம், ஒரு தகட்டின் கோடு அடுத்த தகட்டில் தொடரும் இடத்தில் பிசகினால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும்.

அடுத்தது நிழல், என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நண்பகலில் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் நின்று சேர்வராயன் மலையைப் பாருங்கள், ஒரே சுவர் மாதிரி தெரியும். அதே மலையை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு பள்ளமும் தனியாக எழுந்து நிற்கும். மலை மாறவில்லை, வெயில் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தகட்டை மாடல் மேல் ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரியில் வெளிச்சம் விழுந்தால் நிழலும் கால் மில்லிமீட்டர்தான். வெளிச்சத்தை 10 டிகிரிக்குச் சாய்த்தால் அதே தகடு 1.4 மி.மீ. நிழல் போடும், ஐந்து மடங்குக்கும் மேல்! அதனால்தான் மேடுகளை உயரமாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 80 ஜிஎஸ்எம் காகிதம் சுமார் 0.1 மி.மீ. தடிமன், அதை வெட்டி ஒட்டி, மேலே சூப்பர் குளூவை மெல்லியதாகத் தடவி இறுக்கிவிட்டால் அருமையான கவசத் தகடு. பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளில் மிஞ்சும் துண்டுகளும் கிட்டத்தட்ட அதே தடிமன்தான், ஓரம் பிசிறில்லாமல் வெட்டுப்படும்.

வேலை செய்யும் மேஜையில் டியூப்லைட் மட்டும் இருந்தால் இதெல்லாம் தெரியாது. நான்கு அடி நீள விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் பல கோணங்களில் விழுந்து நிழலை அழித்துவிடும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான், விண்வெளியில் வெளிச்சத்தைச் சிதறடிக்கக் காற்றும் கிடையாது, ஆகவே அங்கே நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஒரு சின்ன எல்இடி டார்ச்சை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள், நீங்கள் செதுக்கியது உண்மையில் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இன்னொன்று, வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். டார்ச்சைக் கீழே பிடித்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் புரண்டுவிடும்.

சரி, செதுக்குவது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் இதற்குப் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. மரத்துக்கு நார் உண்டு, கீறும் கருவியை நார் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பாலிஸ்டைரீனில் மூலக்கூறு சங்கிலிகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் எந்தத் திசையில் கீறினாலும் ஒரே மாதிரி வரும். ஆனால் கத்தியின் கூர் முனையால் கீறினால் பிளாஸ்டிக் வெளியேறாது, இரண்டு பக்கமும் பிதுங்கி வரப்பு கட்டிக்கொள்ளும். பிளேடைத் திருப்பி அதன் முதுகு முனையால் சுரண்டினால் மெல்லிய சுருளாக உரிந்து வந்து, V வடிவப் பள்ளம் சுத்தமாக விழும். முதல் இழுப்பில் அழுத்தவே கூடாது, அது பாதை போடுவதற்கு மட்டும். எட்டுப் பத்து லேசான இழுப்புகள், பிறகு நைஸ் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு ஒரு தேய்ப்பு. மோட்டார் வைத்த கருவி வேண்டாம். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வெப்பத்தையும் சீக்கிரம் கடத்தாது, உரசும் இடத்திலேயே சூடு தங்கி விளிம்பு உருகி மழுங்கிவிடும்.

வளைந்த குழாய் மூட்டு, உருண்ட கவசம் போன்றவற்றுக்கு எம்-சீல் வகை எபாக்ஸி போதும். இரண்டு பாகங்களைப் பிசைந்ததும் வேதிவினை தொடங்கிவிடும், அது போகும் பதத்துக்கு ஏற்ப வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: மெத்தென்று இருக்கும்போது உருவம், ரப்பர் போலச் சற்று இறுகியதும் கூரான கோடுகள், முழுக்க இறுகிய பிறகு அரம். மெத்தென்ற பதத்தில் கோடு போட்டால் அது மெதுவாகத் தானே வழிந்து மூடிக்கொள்ளும். கருவியை அடிக்கடி தண்ணீரில் நனைத்தால் ஒட்டாது.

இந்தப் பதம் எப்போது வரும் என்பது ஊரைப் பொறுத்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறைந்தால் மேலே ஏறத்தாழ 8 டிகிரி குளிர்ச்சி. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்ற பழைய கணக்கின்படி, கீழே ஒரு மணி நேரத்தில் வரும் பதம் மேலே வர ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். பொடி வேலைக்கு ஏற்காடுதான் வசதி, அவசரமில்லாமல் செதுக்கலாம். சூப்பர் குளூ விஷயத்தில் இது தலைகீழ். அது காய்வதே காற்றின் ஈரத்தால்தான், பனிமூட்டத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், கூடவே அதன் ஆவி ஈரத்தோடு வினைபுரிந்து சுற்றிலும் வெள்ளைப் பொடியாகப் படிந்து நுணுக்க வேலையைப் பாழாக்கும். ஊசி முனையில் தொட்டு வையுங்கள், விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

இனி ஒட்டும் துணுக்குகள். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பிரம்மாண்டக் கப்பலின் மாடல் சுமார் 91 செ.மீ. நீளம்தான். கடையில் விற்கும் டாங்கி, கப்பல் கிட்களின் உதிரிகளை எடுத்து அதன் மேல் ஒட்டினார்கள், அவற்றை கிரீபிள் என்கிறார்கள். நமக்கு ஓடாத கடிகாரத்தின் பற்சக்கரம், செத்த மொபைலின் போர்டு, பால்பாயின்ட் ஸ்பிரிங் எல்லாம் கிரீபிள்தான். குழாய்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கம்பி கேளுங்கள், 36-ஆம் கேஜ் 0.19 மி.மீ., 30-ஆம் கேஜ் 0.31 மி.மீ. சாமணத்தால் பிடித்து வளைத்தால் சொன்னபடி கேட்கும்.

ஆனால் முக்கால்வாசி மாடல்கள் கெடுவது அதிகமாக ஒட்டுவதால்தான் என்பேன். எல்லா இடத்திலும் ஒரே அளவில் துணுக்குகளை நிரப்பினால் அது வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும், கண்ணுக்கு அளவு பிடிபடாது. பெரிய தகடு, அதன் மேல் நடுத்தரப் பெட்டி, பெட்டியின் ஓரத்தில் பொடிக் கம்பி என்று மூன்று அளவுகள் ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இன்ஜினைச் சுற்றி, சின்னக் கலங்கள் வந்து நுழையும் வாசலைச் சுற்றி, இரண்டு தகடுகள் பிரியும் பள்ளத்துக்குள் என்று கூட்டம் கூட்டமாக வைத்துவிட்டு, நடுவே பெரிய வெற்றிடங்களை அப்படியே விடுங்கள். வெற்றிடம்தான் பக்கத்தில் இருக்கும் பொடி வேலையைப் பொடியாகக் காட்டுகிறது.

பெயிண்ட் இவ்வளவையும் மூழ்கடிக்கக்கூடியது. காயும்போது பரப்பு இழுவிசை அதைக் கூர் விளிம்பிலிருந்து விலக்கி உள்மூலையில் தேக்கிவைக்கும், கெட்டியாக இரண்டு கோட்டிங் பிரஷால் அடித்தால் 0.1 மி.மீ. வேலை காணாமலே போய்விடும். மெல்லிய ஸ்ப்ரே, அதற்கு மேல் பளபளப்பு தரும் ஒரு கிளாஸ் (gloss) வார்னிஷ். காய்ந்ததும் டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கோட்டின் ஒரு முனையில் தொட்டு வைத்தால் போதும், நுண்குழாய் விசையால் அது கோடு நெடுகத் தானே ஓடும், பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். பளபளப்பில்லாத மேட் (matt) பரப்பில் இதைச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் நிறத்தை இழுத்துக் கறையாக்கிவிடும், கிளாஸ் வேண்டும் என்பது அதற்காகத்தான். மேலே படிந்ததைத் துணியால் துடைத்தெடுத்தால் பள்ளத்தில் மட்டும் கருமை நிற்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் ஆக்சிடைஸ்டு கொலுசு பார்த்திருப்பீர்கள். வெள்ளியைக் கந்தகச் சேர்மத்தால் கருக்கி, மேட்டை மட்டும் மெருகேற்றுவது இதே உத்திதான்.

கடைசியில் போட்டோ. மொபைலை மாடலின் மூக்கருகே கொண்டுபோனால் வால் மங்கிவிடும், அறுநூறு மீட்டர்க் கப்பலைத் தூரத்திலிருந்து எடுத்தால் அப்படி மங்காது என்று பார்க்கிறவரின் மூளைக்குத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள். எடுப்பதற்கு முன் மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள், ஒரு மில்லிமீட்டர் பஞ்சு இழை கப்பலின் மேல் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும்.