மரபு வட்டாரம் (தயவுசெய்து 'வரலாற்று மாவட்டம்' என்று எழுதாதீர்கள்)

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் என் அண்ணி போன மாதம் பேசினார். மகள் வாங்கியிருப்பது பழைய மரவீடு. சன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வருகிறது, அதனால் அவற்றை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் போடப் பார்த்திருக்கிறார்கள். முதலில் நகராட்சியின் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரியவந்திருக்கிறது. அண்ணி அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் தமிழாக்கிப் படித்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டார்: "தம்பி, சொத்து மாற்றத்தை மறுஆய்வு பண்ணணும்னு போட்டிருக்கு. வீட்டை நாம யாருக்கும் எழுதிக் கொடுக்கலையே?"

அவர் அனுப்பிய வரி இது: 'வரலாற்று மாவட்டங்களில் உள்ள சொத்துகளுக்கான முன்மொழியப்பட்ட மாற்றங்களின் மறுஆய்வு.' ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். ஆனாலும் நாற்பது வருடம் தமிழ் நாளிதழ் படித்த ஒருவருக்கு இது பத்திரப் பதிவு விவகாரமாகத்தான் தெரிகிறது.

இதை இயந்திரத்தின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளிலும் செய்திகளிலும் 'வரலாற்று மாவட்டம்' வருடக்கணக்காக வருகிறது. இயந்திரம் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கும்.

பொருளை முதலில் பார்ப்போம். 'ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்' என்பது ஒரு ஊருக்குள் பழைய கட்டடங்கள் சேர்ந்தாற்போல் நிற்கும் சில தெருக்கள். அந்தத் தெருக்களின் மொத்தத் தோற்றத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டு எல்லை வகுத்திருப்பார்கள். அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம், 1931-இல். பெட்ரோல் பங்குகளுக்காகப் பழைய வீடுகள் இடிபட்ட காலம் அது. பழைய பகுதிக்கு எல்லை வரைந்து, அதற்குள் வெளித்தோற்றத்தை மாற்றுகிறவர்கள் ஒரு குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சுப் பகுதி, 1965-இல் நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸ் என்று இது பரவியது. இன்னொன்றையும் அண்ணிக்குச் சொன்னேன். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களுக்கான தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறுவதால் மட்டும், சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுகிற உரிமையாளரைக் கட்டுப்படுத்திவிட முடியாது. சன்னலைத் தடுப்பது உள்ளூர் நகராட்சியின் விதி.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'டிஸ்ட்ரிக்ட்' லத்தீன் வழி வந்தது. ஒரு பிரபுவின் அதிகாரம் செல்லும் நிலப்பரப்பு என்பது இடைக்காலப் பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர் ஆளும் பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது. அரபு வழி வந்த 'ஜில்லா'வும் கூடவே புழங்கியது. ஜில்லாவுக்கு மாற்றாக நாம் கொண்டுவந்ததுதான் 'மாவட்டம்'. மா என்றால் பெரிய. தாலுகா வட்டம் என்றால், பல வட்டங்கள் சேர்ந்தது மாவட்டம். அருமையான ஆக்கம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அது ஒரே ஒரு பொருளுக்காகச் செய்த சொல். மாவட்டம் என்றால் ஆட்சியர் இருப்பார், எஸ்.பி. இருப்பார். தமிழ்நாட்டில் 38 இருக்கின்றன. நாலு தெருவை யாரும் மாவட்டம் என்று சொன்னதில்லை. ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' நாலு தெருவுக்கும் பொருந்தும், நாலு தாலுகாவுக்கும் பொருந்தும். தமிழில் அப்படி இல்லை என்பதைக் கவனிக்காமல், அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுவதால்தான் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதிக்குள் 'நிதி மாவட்டம்', 'ஆடை மாவட்டம்', 'நாடக மாவட்டம்' எல்லாம் முளைக்கின்றன. மன்ஹாட்டனே நிர்வாகக் கணக்கில் ஒரு கவுன்ட்டி, அதாவது நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணை. மாவட்டத்துக்குள் மூன்று மாவட்டம் என்று படிக்கிறவர் எதைப் புரிந்துகொள்வார்?

'வரலாற்று' என்ற அடையும் சரியில்லை. வரலாறு என்பது வரல், ஆறு, அதாவது வந்த வழி. 'வரலாற்று நூல்' என்றால் வரலாற்றைப் பற்றிய நூல். 'வரலாற்று மாவட்டம்' என்றால்? தஞ்சாவூரை 'வரலாற்றுச் சிறப்புமிக்க மாவட்டம்' என்று மேடையில் சொல்வார்களே, அதன் சுருக்கம் போலத்தான் காதில் விழுகிறது.

சிலர் 'பாரம்பரிய மண்டலம்' என்கிறார்கள். பாரம்பரியம் 'பரம்பரை'யிலிருந்து வந்த வடசொல். அதற்காக மட்டும் அதைத் தள்ள மாட்டேன், மக்கள் நாவில் அது நன்றாகவே புழங்குகிறது. என் மறுப்பு மண்டலத்தின் மேல். தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று மாவட்டத்தைவிடப் பெரிய நிலத்தைக் குறித்த சொல் அது. மாநகராட்சி மண்டலம் என்றால்கூடப் பல வார்டுகள் அடங்கும்.

ஊருக்குள் ஒரு பகுதியைச் சொல்ல நம்மிடம் சொல் பஞ்சமா? சிலப்பதிகாரத்தில் புகார் நகரமே மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகக் கிடக்கிறது, நடுவில் நாளங்காடி. அங்கே பாக்கம் என்பது ஊரின் ஒரு பகுதி. சேரி என்பது சேர்ந்து வாழும் இடம். உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஊர் 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பிரிந்திருந்தது. பேட்டை இன்றைக்கும் சென்னைக்காரர் வாயில் உயிரோடு இருக்கிறது. 'எங்க பேட்டைக்கு வந்து பாரு' என்று சொல்கிறவருக்கு அதன் எல்லை எந்தத் தெருமுனை என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் பாக்கம் ஊர்ப்பெயர்களில் உறைந்துவிட்டது. சேரியின் மேல் சாதியின் வலி ஏறிவிட்டது. பேட்டை தமிழகம் முழுவதற்கும் பொதுவாகப் பொருந்தாது. மிஞ்சுவது வட்டாரம்.

வட்டாரத்தை எடுத்துக்கொள்ள எனக்குச் சிங்கப்பூர் ஒரு பெரிய ஆதாரம். அங்கே தமிழும் ஓர் ஆட்சிமொழி. ஊருக்குள் ஒரு பகுதியைத் தமிழர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் வட்டாரம் என்கிறார்கள். அங்கே 1989-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அரசிதழில் அறிவித்த பாதுகாப்புப் பகுதிகளில் லிட்டில் இந்தியாவும் ஒன்று. கடைவீடுகளின் முகப்பு, சன்னல், ஓட்டுக்கூரை, ஐந்தடி நடைபாதை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இருப்பதை முடிந்தவரை வைத்துக்கொள், பொறுப்போடு பழைய நிலைக்குக் கொண்டுவா, கவனமாகப் பழுதுபார் என்பதுதான் அந்த விதிகளின் சாரம். அதை லிட்டில் இந்தியா வட்டாரம் என்று சொன்னால் உடனே புரிகிறது. லிட்டில் இந்தியா மாவட்டம் என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒன்றியம் ஆயிற்றே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான். ஆனால் 'எங்க வட்டாரத்துல' என்று பேசும்போது யாரும் ஒன்றியத்தை நினைப்பதில்லை. முன்னால் மரபு என்று சேர்த்துவிட்டால் மிச்சமிருக்கும் குழப்பமும் போய்விடும். மரபு பழைய சொல். தொல்காப்பியத்தின் கடைசி இயலின் பெயரே மரபியல். இன்றைக்கு இளைஞர்கள் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்ப்பதற்கு 'மரபு நடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நடை போகும் தெருக்கள் மரபு வட்டாரம்.

அண்ணி அனுப்பிய வரியின் மற்ற இரண்டு சொற்களையும் விட மனமில்லை. 'ப்ராப்பர்ட்டி' என்று எங்கே கண்டாலும் 'சொத்து' என்று எழுதுவது ஒரு நோய். சொத்தை மாற்றினால் அது கைமாறுகிறது. வீட்டை மாற்றியமைத்தால் சன்னல் மாறுகிறது. அப்புறம் 'ரிவ்யூ'. மறுஆய்வு என்றால் ஏற்கெனவே ஒருமுறை ஆய்ந்திருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. விண்ணப்பம் இப்போதுதான் முதல்முறையாகக் குழுவின் மேசைக்கு வருகிறது. அது பரிசீலனை. இந்தச் சொல்லை நம் தாலுகா அலுவலகத்தில் எல்லோரும் அறிவார்கள். மொழிபெயர்ப்பவர் ஒருமுறை அந்த அலுவலக வாசலில் நின்றிருந்தால் போதும்.

சரி, அண்ணிக்கு நான் எழுதி அனுப்பியது: 'மரபு வட்டாரங்களில் உள்ள கட்டடங்களில் செய்ய நினைக்கும் மாற்றங்களைப் பரிசீலித்தல்.' ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டார். உடனே அடுத்த கேள்வி வந்தது. பரிசீலித்து முடித்ததும் தரும் தாளுக்குத் 'தகுதிச் சான்றிதழ்' என்று போட்டிருக்கிறதே, மகளின் படிப்புச் சான்றிதழையும் கேட்பார்களா? அந்தத் தாள் சொல்வது, இந்த மாற்றம் இந்தத் தெருவோடு ஒத்துப்போகிறது, செய்துகொள்ளலாம் என்பதை. இசைவுச் சான்று என்று எழுதிக் கொடுத்தேன். இசைவு என்றால் பொருந்துவதும் உண்டு, சம்மதமும் உண்டு.