ஹாஷ் – பிழிவு

ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணித்துக் கணினி தருகிற குறுகிய அடையாள வரிசைக்கு ஆங்கிலத்தில் ‘ஹாஷ்’ என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? கொத்துரொட்டி போடுபவர் கல்லில் செய்கிற வேலைதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். பிரெஞ்சு மொழியில் கோடரிக்குப் பெயர் ‘ஆஷ்’. வெட்டு, கொத்து என்ற வினை அதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் அது கொத்திய இறைச்சிக் கறிக்குப் பெயரானது. கணினிக்கு அந்த எண்ணத்தை 1953இல் எழுதிவைத்தவர் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன்.

அப்படியானால் தமிழில் ‘கொத்து’ என்றே வைக்கலாமே? வைத்தால் குழப்பம். நமக்குக் கொத்து என்பது அரிசி அளக்கிற அளவு. பல கணினிகளைச் சேர்த்துக் கட்டினாலும் கொத்துத்தான். ‘குறி’யும் ஒத்துவராது. வன்னியில் மாட்டுக்குச் சுடுகிற குறி வெளியிலிருந்து இடுவது. ஹாஷ் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே வருவது. பொருத்தமான சொல் ‘பிழிவு’. பனங்களியிலிருந்து பனம்பழத்தைத் திரும்ப ஆக்க முடியாததுபோல, பிழிவிலிருந்து கோப்பை மீட்க முடியாது. ஆனால் களி பழத்தின் அளவைப் பொறுத்தது. இந்தப் பிழிவின் நீளம் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் மாறாது. பிழியும் முறைகள் பல உண்டு. எம்டி5 என்றால் 32 இலக்கம் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்), ஷா-1 என்றால் 40, ஷா-256 என்றால் 64.

பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் பென்டிரைவில் கைமாறும் ஒரு ஜாவா நூலகக் கோப்பு (நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு; சுருக்கமாக ‘ஜார்’), ‘லிப்2.ஜார்’ என்று பெயர் மாறி வருகிறது என்று வையுங்கள். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு? லினக்ஸில் ‘ஷா1சம்’ கட்டளைக்குப் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் ‘சேர்ட்யூட்டில்’ கட்டளையை ‘-ஹாஷ்பைல்’ தெரிவோடு இயக்குங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் முறை ஷா1 என்றும் சொல்லிவிடுங்கள். அந்த 40 இலக்கத்தை ஜாவா நூலகங்களைத் திரட்டிவைத்திருக்கும் மேவன் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் தேடினால் குழு, பெயர், பதிப்பு மூன்றும் கிடைக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இந்த முறையின் அருமை தெரிந்தது: பெயரை நம்பித் தேடினால், பெயர் மாற்றிய பிரதி தப்பிவிடும்.

தேடி ஒன்றும் வராவிட்டால் கோப்பு கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். யாராவது அவிழ்த்து மறுபடி கட்டியிருந்தால், உள்ளே பதிந்த நேரம் மாறியதே போதும், பிழிவு முழுதும் வேறாகிவிடும். பல நூலகங்களை ஒன்றாகக் கட்டிய ஜார் என்றால் அவிழ்த்து, உள்ளிருக்கும் கிளாஸ் கோப்புகளை (தொகுத்த ஜாவா நிரல் கோப்புகளை)த் தனித்தனியே பிழிந்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஷா-1 தரும் இரு வேறு கோப்புகளை 2017இல் ஆக்கிக் காட்டிவிட்டார்கள். அடையாளம் தேட ஷா-1 போதும், கோப்பை நம்பி நிறுவ ஷா-256ஐப் பாருங்கள்.

ஷா-1 பிழிவு ‘டி-ஏ-3-9-ஏ-3-ஈ-ஈ’ என்று தொடங்கினால் தேடவே வேண்டாம். அது வெறுங் கோப்பின் பிழிவு. பதிவிறக்கம் நடக்கவேயில்லை, இணைப்பைப் பார்த்து மறுபடி இறக்குங்கள்.